திருத்தத்தின் அடியில் இல்லாத பெயர்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கணினியின் அடித்தளத்தில் ஓடும் கர்னல் என்ற நிரலில் யார் எந்த மாற்றம் செய்தாலும், அதன் அடியில் சில வரிகள் எழுத வேண்டும். கோளாறை முதலில் சொன்னது யார், அது எந்த மாற்றத்தால் வந்தது என்று தேடிப் பிடித்தது யார், திருத்தத்தை ஓட்டிப் பார்த்தது யார். ஒவ்வொருவருக்கும் பெயரோடு ஒரு வரி. அதற்குப் பரிசோ பாராட்டுப் பத்திரமோ கிடையாது. ஆனாலும் உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து எழுதும் ஒன்றில் நம் பெயர் ஒரு வரியாக நிற்பது எங்களுக்குப் பெரிய விஷயம். ஒருமுறை ஏற்கப்பட்டுவிட்டால் அந்த வரிகளை யாராலும் மாற்ற முடியாது. எழுதியவனாலும் முடியாது.

என் பெயரில் அப்படி ஒரு திருத்தம் இருக்கிறது. மொத்தம் பதினோரு வரி நிரல். அதன் அடியில் இருக்க வேண்டிய ஒரு பெயர் இல்லை. அதை எடுத்தவன் நான்தான்.

திண்டுக்கல்லில் எங்கள் அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. தலைமை அலுவலகமும் மேலாளரும் பெங்களூரில். பால் சேகரிக்கும் சங்கங்களில் வைக்கிற சின்னக் கணினிகளை எங்கள் நிறுவனம் செய்தது. பாலை ஊற்றினால் எடை, கொழுப்பு எல்லாம் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுக்கும் பெட்டி. அதற்குள் ஓடும் கர்னலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் தனி ஈடுபாடு மெமரி மேலாண்மை. கேட்க ஏதோ பெரிய வித்தை மாதிரி இருக்கும். இடம் பத்தாத வீட்டில் எதைப் பரணில் ஏற்றுவது, எதைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது என்று முடிவு செய்வதுதான் அது. தப்பாக முடிவெடுத்தால், இப்போதுதான் ஏற்றியதை அடுத்த நிமிடமே இறக்க வேண்டியிருக்கும். ஏணியில் ஏறி இறங்குவதிலேயே பொழுது போய்விடும், சமையல் நடக்காது.

எதைப் பரணில் ஏற்றுவது என்ற அந்த முடிவில் நான் ஒரு சின்ன மாற்றம் செய்து, கர்னலைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பியிருந்தேன். பெரிய கணினிகளில் வேகம் நன்றாகக் கூடியது. ஏற்றுக்கொண்டார்கள். இப்படி அனுப்பும் மாற்றத்தைப் பேட்ச் என்போம்; என் முதல் பேட்ச் அது. அன்றைக்கு என் கால் தரையில் பாவவில்லை. அலுவலகத்துக்கே பிரியாணி வாங்கினேன். அப்பா டீக்கடையில் உட்கார்ந்து, "எம்மகன் எழுதுனதுதேன் எல்லாக் கம்ப்யூட்டர்லயும் ஓடுது" என்று அளந்துகொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பேட்ச்சை அனுப்புவதற்கு முன், மெமரி குறைந்த ஒரு சின்னக் கணினியிலும் அதை ஐந்து தடவை ஓட்டிப் பார்த்தேன். நான்கு தடவை ஒழுங்காக ஓடியது. ஒரு தடவை கணினி அரை நிமிடம் மூச்சுப் பேச்சில்லாமல் நின்று, பிறகு தானாக எழுந்தது. டிஸ்க் பழசு, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேட்ச்சோடு அனுப்பிய சோதனை அட்டவணையில் நான்கு ஓட்டங்களை மட்டும் போட்டேன். ஐந்தாவது இருந்ததே என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அக்கா எங்களிடம் சேர்ந்தது அதற்கு ஒரு வருடம் கழித்து. எனக்கு உறவெல்லாம் இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் அக்கா. சின்னாளபட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தியவர். மாமியார் படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டார். பத்து வருடம் கழித்துத் திரும்ப வந்து, நிரலைச் சோதிக்கும் வேலையில் எங்களிடம் சேர்ந்தார். ஆறு மாத ஒப்பந்தம். அது முடிகிறபோது நான் மேலே நல்லபடியாகச் சொன்னால் வேலை நிரந்தரமாகும். முதல் வாரத்திலேயே அக்கா என்னிடம் சொன்னார்: "எல்லாருஞ் சொல்றாக தம்பி, பத்து வருசத்துல எல்லாம் மறந்திருக்கும், இப்ப உள்ளது ஒனக்கு ஏலாதுன்னு. ஏலும்னு எனக்கே ஒரு தடவ தெரிஞ்சாப் போதும்."

அக்காவின் மேசையில் எப்போதும் ஒரு முழுநீள நோட்டு இருக்கும். எந்தச் சோதனையை எத்தனை மணிக்கு ஓட்டினார், என்ன வந்தது என்று எல்லாவற்றையும் கையால் எழுதுவார். சரியாக ஓடினால் 'நல்லது', ஓடாவிட்டால் 'கெட்டது'. "என்னக்கா, ஜாதகம் பாக்குற மாதிரி எழுதுறீங்க" என்று கிண்டல் செய்வேன். "உங்களுக்கும் ஒன்னு பாத்துச் சொல்லவா?" என்பார். அப்படித்தான் இருந்தோம்.

அக்கா சேர்ந்து நாலு மாதம் ஆனபோது நாங்கள் பெட்டிகளில் புதுக் கர்னலைப் போட்டோம். என் பேட்ச் அதற்குள் இருந்தது. பத்து நாளில் நெய்க்காரப்பட்டிப் பக்கம் ஒரு பால் சங்கத்தின் செயலாளர் போன் செய்தார்.

"ஏனுங்க, நீங்க புதுசு போட்டதுல இருந்து மிசினு நின்னு நின்னு போகுதுங்க. பால் ஊத்த வந்தவங்க கேனை வச்சுக்கிட்டு வரிசையில நிக்கறாங்க. அரை நிமிசம் கழிச்சுத் தானா ஓடுதுங்க."

அரை நிமிடம் என்றதும் எனக்கு அந்த ஐந்தாவது ஓட்டம் ஞாபகம் வந்தது. ஆனால் வாய் தன்பாட்டில் பேசியது. "டிஸ்க் பழசா இருக்கும்ங்க. மாத்திப் பாருங்க."

பக்கத்து மேசையில் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "அதே டிஸ்க்குல பழைய கர்னல் நல்லாத்தானே ஓடுச்சு? நான் பாக்கட்டுமா தம்பி?" என்றார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

இரண்டே நாளில் எங்கள் அலுவலகப் பெட்டியிலேயே அந்தக் கோளாறை வரவழைத்துவிட்டார். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துக்கொண்டே சீட்டு அடித்தால் பெட்டி நின்றது. பிறகு பைசெக்ட் தொடங்கினார். நன்றாக ஓடிய பழைய கர்னலுக்கும் நின்றுபோகும் புதுக் கர்னலுக்கும் நடுவே எட்டாயிரம் மாற்றங்கள் இருக்கும். எல்லாவற்றையும் படித்துப் பார்க்க ஆயுள் பத்தாது. அதனால் நட்ட நடுவில் உள்ள கர்னலை எடுத்து ஓட்டிப் பார்ப்போம். அது நல்லது என்றால் கோளாறு அதற்குப் பிந்தியது, கெட்டது என்றால் முந்தியது. மிச்சத்தை மறுபடி பாதியாக்குவோம். பதிமூன்று தடவை இப்படிச் செய்தால் ஒரே ஒரு மாற்றம் மிஞ்சும். அதுதான் குற்றவாளி. எங்கள் பழைய கணினியில் ஒவ்வொரு கர்னலும் தயாராக ஒன்றரை மணி நேரம் ஆகும். நாலு நாள் வேலை.

நாலாம் நாள் மதியத்துக்கு முன் அக்கா நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். குரலைத் தணித்துத்தான் பேசினார். மற்றவர்கள் காதில் விழக்கூடாது என்று எனக்காகத் தணித்தது அது. "தம்பி, தப்பா நெனைக்காதீக. இது உங்க பேட்ச்சுல வந்து நிக்குது."

நோட்டைத் திருப்பிக் காட்டினார். பதிமூன்று வரிகள், அடித்தல் திருத்தல் இல்லாமல். அந்த நிமிடத்தில் நான் அந்த ஐந்தாவது ஓட்டத்தைச் சொல்லியிருக்கலாம். ஆமாக்கா, நானும் பார்த்தேன், மறைத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஒரு வாரம் முகம் சுண்டியிருக்கும், அவ்வளவுதான்.

நான் கேட்டது இது: "நேத்து கரண்ட் போச்சுல்லக்கா? அப்ப எத்தனாவது ஸ்டெப்ல இருந்தீங்க?"

"எட்டு. ஆனா யுபிஎஸ் தாங்குச்சே."

"ஒரே ஒரு ஸ்டெப்ப மாத்திக் குறிச்சாலும் அதுக்கப்புறம் பூராவும் தப்பாப் போயிரும். எதுக்கும் மொதல்ல இருந்து ஒரு தடவ பண்ணிருங்க."

நான் சொன்னதில் பொய்யான வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. அக்கா யோசித்துவிட்டு, "இல்லாட்டி உங்க பேட்ச்ச மட்டும் உருவிட்டு ஓட்டிப் பாத்துரலாமா? சீக்கிரம் தெரிஞ்சுரும்" என்றார். இந்தத் தொழிலில் யாரும் முதலில் செய்வது அதைத்தான். "அதுக்கு மேல வேற மாத்தமெல்லாம் ஏறிருச்சு, தனியா எடுக்க வராது" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அக்கா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனார். நான் போகவில்லை. அலுவலகத்தில் வேகமாக ஓடும் கணினி என்னுடையது ஒன்றுதான். அதில் என் பேட்ச்சை உருவிவிட்டுக் கர்னலைத் தயார் செய்தேன். ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. பெட்டியில் ஏற்றி, பெரிய கோப்பை நகலெடுத்துக்கொண்டே சீட்டு அடித்தேன். பத்துச் சீட்டும் நிற்காமல் விழுந்தன. பிறகு அந்தக் கர்னலை அழித்தேன். சீட்டுகளைக் கசக்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டேன். அக்கா கை கழுவிவிட்டு வந்து இரண்டாம் பைசெக்ட்டைத் தொடங்கியபோது நான் எதிரில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் தடவையும் அதே இடத்தில் வந்து நின்றது. இந்த முறை அக்கா நாற்காலியை இழுத்துப் போடவில்லை. நின்றுகொண்டே, "மறுபடியும் அங்கதேன் காட்டுது தம்பி. நான் எங்கயோ கோட்ட விடுறேனோ?" என்றார். அந்தக் கேள்வியை நான் பிடித்துக்கொண்டேன். இது சில நேரம் வரும், சில நேரம் வராது. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் பத்துத் தடவை ஓட்டினால்தான் நம்ப முடியும் என்றேன். அதுவும் உண்மைதான். பேட்ச்சைத் தனியாக எடுக்க வராது என்ற அந்த ஒரு பொய்யைத் தவிர, நான் சொன்னவை எல்லாம் பாடப்புத்தகத்தில் போடத் தகுந்தவை.

மூன்றாவது பைசெக்ட் ஒன்பது வேலை நாள் ஓடியது. அந்த ஒன்பது நாளும் அக்கா அதிகம் பேசவில்லை. ஜாதகம் என்று கிண்டல் செய்து பார்த்தேன். சிரித்தார், ஆனால் நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டார். முன்பெல்லாம் ஒரு தடவை பார்த்து எழுதுகிறவர், திரையைப் பார்ப்பதும் நோட்டைப் பார்ப்பதும் மறுபடி திரையைப் பார்ப்பதுமாக இருந்தார். எதிர் மேசையில் இருந்து நான் இதையெல்லாம் பார்த்தேன். அது முடியும் முன்பே பெங்களூரிலிருந்து மேலாளர் போன் செய்தார். ஆறாம் மாதம் வந்துவிட்டது, எப்படி அந்த அம்மா என்றார்.

"நல்லாக் கவனமாத்தான் பண்றாங்க சார். ஆனா தான் கண்டுபிடிச்சத உறுதியாச் சொல்ல வரல. ஒரே பைசெக்ட்ட மூணு தடவ பண்ண வேண்டியதாப் போச்சு."

வார்த்தை வார்த்தையாகப் பிரித்துப் பார்த்தால் இதிலும் பொய் இல்லை. அதனால்தான் அது எனக்கு இன்றும் அருவருப்பாக இருக்கிறது. கோபத்தில் யாரையோ திட்டியிருந்தால்கூட மன்னிப்புக் கேட்க ஒரு முகம் இருந்திருக்கும். ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை என்று அக்காவுக்குக் கடிதம் வந்தது. மூன்றாம் பைசெக்ட்டும் அதே இடத்தில் வந்து நின்றிருந்தது. அதை அவர் என்னிடம் வாய்விட்டுச் சொல்லக்கூட இல்லை. முடிவை எனக்கு மின்னஞ்சலில் அனுப்பியதோடு சரி.

அக்காவின் கடைசி வாரத்தில், கர்னல் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் போகும் மின்னஞ்சல் குழுவான பொது மடலில் ஒரு கடிதம் வந்தது. எங்கோ வெளிநாட்டில் யாரோ ஒருவர் தன் சின்னக் கணினி அரை நிமிடம் நின்றுபோவதாக எழுதியிருந்தார். வரைபடம் போட்டிருந்தார், பைசெக்ட் செய்திருந்தார். கடைசி வரியில் என் பேட்ச். உலகமே பார்க்கிற இடம் அது. அங்கே கரண்ட் போனதா என்று கேட்க முடியாது.

அரை மணி நேரத்தில் நான் பணிவே உருவாகப் பதில் போட்டேன். நன்றி, எங்களிடமும் இதே கோளாறு தெரிகிறது, உடனே திருத்துகிறேன் என்று. திருத்தம் எனக்குத் தயாராக இருந்தது. மூன்று வாரமாக மனதுக்குள் அதைத்தானே எழுதிக்கொண்டிருந்தேன். பதினோரு வரி. அடியில் கோளாறைச் சொன்னவர் என்று அந்த வெளிநாட்டுக்காரரின் பெயரைப் போட்டேன். அதன் கீழே, தேடிப் பிடித்தவர் என்று அக்காவின் பெயரையும் தட்டினேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெயரோடு திருத்தம் போனால் மேலாளர் பார்ப்பார். எப்போது கண்டுபிடித்தார் என்று கேட்பார். தேதி கேட்பார். அழிக்கும் விசையை அழுத்திப் பிடித்தேன். எழுத்துகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் போயின.

அதோடு விட்டேனா? திருத்தத்தைப் பெட்டியில் ஓட்டிப் பார்க்கும் வேலையை அக்காவிடமே கொடுத்தேன். வேறு ஆள் இல்லை. அக்கா பத்துத் தடவை ஓட்டினார். "சரியாயிருச்சு தம்பி" என்றார். பிறகு மெதுவாக, "அப்ப நான் பாத்தது சரிதேனோ?" என்றார்.

கடைசி வாய்ப்பு அது. "அது வேற பிரச்சினையாவும் இருக்கலாம்க்கா" என்றேன்.

சரி என்று தலையாட்டினார். வெள்ளிக்கிழமை மாலை நோட்டையும் டிபன் பாக்ஸையும் பையில் வைத்துக்கொண்டு, "வாரேன் தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். திருத்தம் ஏற்கப்பட்டது. தன் தவறைத் தானே உடனே ஒப்புக்கொண்டு திருத்தியவன் என்று பொது மடலில் ஒருவர் என்னைப் பாராட்டி எழுதினார். மேலாளர் அதை எல்லோருக்கும் அனுப்பினார்.

ஒரு வருடம் போனது. ஒரு பொறியியல் கல்லூரியில் கூப்பிட்டார்கள், இப்படிப்பட்ட கோளாறுகளைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பேசச் சொல்லி. போனேன், பேசினேன். கடைசியில் ஒரு மாணவி எழுந்து, "கோளாறு தெரிஞ்சதுல இருந்து திருத்தம் அனுப்ப எவ்வளவு நேரம் ஆச்சு சார்?" என்றாள். "அரை நாள்" என்றேன். கைதட்டினார்கள். மதியம் இலை போட்டு உட்கார வைத்தார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

அன்று மாலையே பொது மடலுக்கு எழுதினேன். இதை முதலில் கண்டுபிடித்தது எங்கள் அலுவலகத்தில் இருந்த அவர், மூன்று முறை நிரூபித்தார், தெரிந்தே மறுத்தவன் நான் என்று. என் ஐந்தாவது ஓட்டத்தையும் எழுதினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருடப் பழைய திருத்தத்தை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? மேலாளருக்கும் எழுதினேன். "முடிஞ்ச கதை, அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சு" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை சின்னாளபட்டிக்குப் பஸ் ஏறினேன்.

அக்கா என்னைக் கண்டதும், "வாங்க தம்பி, அப்பா நல்லாருக்காகளா?" என்றார். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் ஆன்லைன் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். மதுரையில் ஒரு கம்பெனியிலிருந்து சோதனை வேலைக்கு ஆறு மாதம் முன் கூப்பிட்டார்களாம். போகவில்லை. "நான் ஒன்னப் பாத்து ஒன்னச் சொல்லி, அவுகளுக்கும் எதுக்குச் சிரமம்?" என்றார்.

செம்பைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்தாவது ஓட்டம், சாப்பாட்டு நேரத்தில் நான் தனியாகச் செய்தது, மேலாளரிடம் சொன்னது, பெயரை எழுதி அழித்தது. முடிந்ததும் அக்கா ஒன்றுதான் கேட்டார்.

"மூணாவது தடவ நான் பண்ணிக்கிட்டு இருந்தப்ப, உங்களுக்குத் தெரியுமா?"

"மொதத் தடவையே தெரியும்க்கா."

எழுந்து உள்ளே போனார். திரும்ப வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார், கையில் அந்த நோட்டு. என் எதிரில் தரையில் உட்கார்ந்து பிரித்தார். முதல் பைசெக்ட்டின் பக்கத்தில் நான் முன்பு பார்த்த அதே பதிமூன்று வரிகள். இரண்டாவதில் நாலைந்து வரிகளின் முடிவில் சின்னதாகக் கேள்விக்குறி போட்டிருந்தது. மூன்றாவதில் எல்லா வரியிலும் இருந்தது. 'நல்லது?' 'கெட்டது?' 'கெட்டது?' 'நல்லது?' பதிமூன்றும்.

அக்கா பேனாவைத் திறந்து, இரண்டாம் பக்கத்தில் இருந்த கேள்விக்குறிகளை அடித்தார். பிறகு மூன்றாம் பக்கத்தை மேலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு வரியையும் உதடு அசையப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அதன் கேள்விக்குறியை அடித்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. என்னைப் போகச் சொல்லவும் இல்லை. நான் கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாவது வரியில் பேனா நின்றது.

"இது இருக்கட்டும்" என்றார். "இங்க ஒம்பது தடவதேன் ஓட்டுனேன். பத்தாவது ஓட்டத்துல நெசமாவே கரண்ட் போயி யுபிஎஸ்ஸும் நின்னுருச்சு. அது என்னன்னு எனக்குத் தெரியாது."

அந்த ஒன்றை மட்டும் அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.